பிஸ்கட் டின்னைப் பூட்டி வைத்த மருமகனுக்கு

அன்புள்ள மருமகனே,

உன் கடிதம் வந்தது. வாட்ஸ்அப்பில் குரலைப் பதிந்து அனுப்பிவிட்டுக் கழன்றுகொள்ளாமல் தாள் எடுத்து எழுதியிருக்கிறாய். அதற்காக என் கோபத்தில் பாதியைத் தள்ளுபடி செய்கிறேன். மீதிப் பாதி எதற்கு என்பது போகப் போகத் தெரியும்.

உன் தங்கச்சி மனநல வார்டில் ஆறு வாரம் இருந்தாள். போகும்போது கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. வரும்போது எட்டுக் கிலோ கூடியிருந்தாள். வீட்டுக்கு வந்த பிறகும் ஏற்றம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிச் சோறா, மாத்திரையா, இவளுடைய வாயா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறாய். கூடவே, பெரிய காரியம் சாதித்த தோரணையில் இரண்டு சேதி வேறு. பிஸ்கட் டின்னைத் தூக்கி உன் கார் பின்பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாயாம். ராத்திரி மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கிறாயாம்.

டின்னுக்கு அப்புறம் வருகிறேன். மாத்திரையை உடைப்பதை இன்றைக்கே நிறுத்து. இத்தனை நாள் உடைத்துக் கொடுத்ததையும் நாளைக் காலையில் கிளினிக்குக்குப் போன் போட்டுச் சொல்லு. வெட்கப்படாதே, அவர்கள் இதைவிடப் பெரிய கூத்தெல்லாம் பார்த்தவர்கள். எழுதிக்கொடுத்த டாக்டரைக் கேட்காமல் ஒரு துணுக்குக்கூடக் குறைக்கக் கூடாது. நான் வார்டில் நர்ஸாக வேலை பார்த்த காலத்தில், போனவர்கள் திரும்பி வந்து சேரும்போது ஏன் மாத்திரையை விட்டாய் என்று கேட்பேன். "உடம்பு பெருத்துருச்சு மிஸ்ஸி, அதான்" என்பார்கள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள். விட்ட சில வாரத்தில் தூக்கம் போகும். பிறகு பேச்சு மாறும். அப்புறம் யாரோ பின்னாலேயே வருகிறார்கள் என்று ஆரம்பிக்கும். எட்டுக் கிலோவை இறக்க வழி இருக்கிறது. பறிபோன வேலையையும் முறிந்த கல்யாணப் பேச்சையும் மீட்பது அவ்வளவு லேசில்லை.

சரி, மாத்திரை உடம்பை ஏற்றுகிறதா? ஏற்றுகிறது. இதை மென்று விழுங்கிப் பேசுவதில் எனக்கு விருப்பமில்லை. ஓலன்சபின், குளோசபின் இரண்டும் இதில் முன்வரிசை. 1999-இல் அலிசன் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிக் கணக்குப் போட்டார்கள். பத்து வாரத்தில் குளோசபினுக்குச் சராசரி 4.45 கிலோ, ஓலன்சபினுக்கு 4.15, ரிஸ்பெரிடோனுக்கு 2.1 என்று வந்தது. 2005-இல் வந்த இன்னொரு பெரிய அமெரிக்க ஆய்வில், ஓலன்சபின் எடுத்தவர்களில் 30 சதவீதம் பேருக்குத் தங்கள் எடையில் 7 சதவீதமோ அதற்கு மேலோ கூடியிருந்தது. அரிப்பிப்ரசோல், லுராசிடோன் போன்றவை இவ்வளவு ஏற்றுவதில்லை. சின்ன வயசு, ஒல்லி உடம்பு, இந்த வகை மாத்திரையை வாழ்க்கையில் முதல்தடவையாக எடுப்பது, இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் ஏற்றம் வேகமாக இருக்கும். உன் தங்கச்சியிடம் மூன்றும் இருக்கின்றன.

மாத்திரைக்குள் கொழுப்பு ஒன்றும் கிடையாது. மூளையில் ஹிஸ்டமினும் செரட்டோனினும் வேலை செய்கிற சில இடங்களை அது அடைக்கிறது. அதனால் பசி கூடுகிறது, "போதும்" என்கிற உணர்வு தாமதமாக வருகிறது அல்லது வராமலே போகிறது. தூக்கக் கலக்கத்தில் நடமாட்டமும் குறைகிறது. தட்டைக் கழுவி வைத்த கொஞ்ச நேரத்திலேயே அவள் அடுக்களைப் பக்கம் வருகிறாள் என்று எழுதியிருக்கிறாயே, அது நாக்கு ருசிக்காக வந்த வருகை இல்லை. அந்தப் பசி அவளுக்கு நிஜம். "இப்பதானே தின்னே?" என்று கேட்பதை நிறுத்து. அவளுக்கும் அது தெரியும். தெரிந்தும் பசிக்கிறதே என்றுதான் அவளும் குழம்பிப்போயிருக்கிறாள்.

"அப்ப எல்லாம் மாத்திரைதானே அத்தை, மனசு எங்கே வருது?" என்பாய். வருகிறது. அடுத்தடுத்த கட்டில், ஒரே மாத்திரை, ஒரே அளவு, ஒரே ஆஸ்பத்திரிச் சோறு. ஒருத்திக்கு ஒரு கிலோ ஏறும், பக்கத்தில் படுத்திருப்பவளுக்குப் பத்து ஏறும். உடல்வாகு ஒரு பங்கு. பரம்பரை ஒரு பங்கு. மற்றது வார்டுக்குள் சாப்பாடு என்னென்ன வேலை பார்க்கிறது என்பதில் இருக்கிறது. உனக்கு நான் இந்தக் கடிதம் எழுதுவதே அதைச் சொல்லத்தான்.

வார்டில் ஒரு பகலை நினைத்துப் பார். விடிந்ததும் மாத்திரை, பசியாறல், டாக்டர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். பிறகு மத்தியானச் சோறு வரைக்கும் ஒன்றும் இல்லை. சோற்றுக்குப் பிறகு தேநீர் வரைக்கும் ஒன்றும் இல்லை. ராத்திரிச் சாப்பாடு சாயந்திரமே வந்துவிடும். அதற்கப்புறம் தூங்குகிற வரைக்கும் ஒரு நீண்ட ராத்திரி. கதவு பூட்டியிருக்கும். கைபேசி கையில் இருக்காது. எத்தனை மணிக்கு எழுவது, குளிப்பது, எந்தச் சட்டையைப் போடுவது, விளக்கை எப்போது அணைப்பது, எதிலும் அவள் சொல் செல்லாது. அப்படிப்பட்ட இடத்தில் அவள் தானாக முடிவெடுக்கக்கூடிய காரியம் ஒன்றே ஒன்றுதான்: பக்கத்து அலமாரியில் இருக்கிற பிஸ்கட்டை இப்போது தின்பதா, அப்புறம் தின்பதா. சாப்பாட்டு வண்டியின் சக்கரச் சத்தம் கேட்டதும் நாலைந்து பேர் எழுந்து கதவருகே போய் நிற்பார்கள். எல்லாருமே பசித்தவர்கள் என்று நினைத்துவிடாதே. ஏதோ ஒன்று நடக்கப்போகிறது, அதற்காக நிற்கிறார்கள்.

நோயும் தன் பங்குக்குச் செய்கிறது. குரல் கேட்பதும் சந்தேகமும் மாத்திரையால் அடங்கினாலும், எதிலும் ஒட்டாத ஒரு வெறுமை பலருக்குத் தங்கிவிடுகிறது. எழுந்து நடக்கத் தோன்றாது, பேசத் தோன்றாது, முன்பு பிடித்த பாட்டுகூடச் சலிப்பாக இருக்கும். அந்த வெறுமையில் இனிப்பு மட்டும் இன்னும் இனிக்கிறது. மனச்சோர்வு வந்தால் சோறு இறங்காது என்றுதான் நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். சிலருக்கு அது நேர்மாறாக வந்து வாயைத் திறந்துவிடும். எதையாவது மென்றுகொண்டிருந்தால் காதுக்குள் பேசுகிற பேச்சு கொஞ்சம் அடங்குது மிஸ்ஸி என்று என்னிடம் சொன்னவர்களும் உண்டு. இதையெல்லாம் "வாயடக்கம் இல்லை" என்ற ஒரே மூட்டையில் கட்டிவிட முடியுமா?

இன்னொன்றையும் நீ கவனிக்காமல் விட்டிருக்கிறாய். எட்டுக் கிலோ என்கிறாயே, எந்த எடையிலிருந்து எண்ணினாய்? சேர்ப்பதற்கு முன் இரண்டு மாதமாகச் சோற்றில் விஷம் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லி அவள் அம்மா கையால்கூடச் சாப்பிடவில்லை என்று நீயே போனில் அழுதாய். அப்போது எத்தனை கிலோ இறங்கினாள்? அந்தக் கிலோக்கள் திரும்பி வந்ததைக் குண்டானதோடு சேர்த்து எண்ணாதே. நோய்க்கு முன்னால் இருந்த எடையைக் கேட்டு எழுது. அதற்கு மேல் போனதுதான் நம் கணக்கு.

இனி டின். அந்த டின்னை வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தது யார், மருமகனே? நீதான். ஒவ்வொரு ஞாயிறும் நாசி லெமாக் பொட்டலம், கெட்டிப்பால் ஊற்றிய மைலோ, முறுக்கு, போகும் வழியில் பொரித்த கோழி. உன் அம்மா அடுக்கில் கறிச்சோறு. பார்க்கிற நேரம் முடியப் போகிறது என்றால் ரெண்டு வாய் ஊட்டியாவது விடவேண்டும். உங்களைக் குறை சொல்லவில்லை. பிள்ளையை உள்ளே விட்டுவிட்டு வெறுங்கையோடு கதவுக்கு வெளியே நிற்கிற கொடுமை எனக்குத் தெரியும். அப்போது ஊட்டப்படுவது அவள் வயிறு மட்டுமில்லை, உங்கள் குற்ற உணர்வும்தான். அவளுக்கும் அது புரிகிறது. அம்மா அழாமல் வீட்டுக்குப் போகவேண்டும் என்பதற்காகவே, வயிறு முட்டியிருந்தாலும் வாயைத் திறக்கிறாள்.

இந்த மாத்திரைகளில் சிலவற்றுக்கு வாய் வறண்டுபோகும் என்பதையும் யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வார்டில் தண்ணீர் இருக்கிறது, ஆனால் நீங்கள் கொண்டுவந்து அடுக்கியது ஆரஞ்சுத் தண்ணியும் சார்சியும். தாகத்துக்குக் குடித்த சீனி யார் கணக்கிலும் ஏறாது, இடுப்பில் ஏறும். வெறும் தண்ணீரும் சீனி போடாத சுவிங்கமும் அந்த வேலையைச் செய்யும்.

சிகரெட் கதை உன் தங்கச்சிக்குப் பொருந்தாது. ஆனால் உன் பெரியப்பா மகனுக்குப் பொருந்தும், அதனால் எழுதுகிறேன். சிகரெட் புகை ஓலன்சபினையும் குளோசபினையும் கல்லீரலில் வேகமாகக் கரைத்துவிடும். வேலையைச் செய்வது புகையில் இருக்கிற பொருட்கள்தான், நிகோட்டின் இல்லை. புகைக்க முடியாத வார்டுக்குள் வந்ததும் அதே அளவு மாத்திரை ரத்தத்தில் கூடுதலாக நிற்கும். தூக்கம் கூடும். கைக்கும் வாய்க்கும் வேலையில்லாமல் பிஸ்கட் அந்த இடத்துக்கு வரும். வெளியே போய் மறுபடி புகைத்தால் மாத்திரை ரத்தத்தில் குறைந்துபோகும், நோய் எட்டிப் பார்க்கும். அவன் புகைப்பதை நிறுத்தினாலும் தொடங்கினாலும் டாக்டரிடம் சொல்லவேண்டும் என்று அவனிடம் சொல்லிவை. நீ சொன்னால் கேட்பான்.

பழைய கதை ஒன்று சொல்கிறேன், பொறுத்துக்கொள், அத்தைகளுக்கு இந்த உரிமை உண்டு. எங்கள் தலைமுறைக்குத் தஞ்சோங் ரம்புத்தான் என்ற ஊர்ப்பெயரே வசவு. 1911-இல் அங்கே திறந்த அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இன்றைய பெயர் பகாகியா, அதாவது மகிழ்ச்சி. அதற்கும் முன்னால் கோலாலம்பூரில் ஒரு மனநலக் காப்பகம் இருந்தது. பெரிபெரி நோய் மலாயாவில் ஆட்களை வாரிக்கொண்டு போன காலம் அது. வில்லியம் ஃபிளெட்சர் என்ற டாக்டர் அந்தக் காப்பகத்து நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்துக்குத் தீட்டிய வெள்ளை அரிசியும் மறுபக்கத்துக்குப் புழுங்கல் அரிசியும் போட்டார். வெள்ளை அரிசிப் பக்கத்தில் பெரிபெரியால் 18 பேர் செத்தார்கள். புழுங்கல் அரிசிப் பக்கத்தில் ஒருவரும் சாகவில்லை. 1907-இல் லான்செட் இதழில் அதை எழுதினார். இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத சோதனை. தோட்டத்துத் தமிழர்களுக்குப் பெரிபெரி அதிகம் வராமல் காத்ததும் ஊரிலிருந்து வந்த அந்தப் புழுங்கல் அரிசிப் பழக்கம்தான். நம்மவர்கள் அதை அறிவியல் என்று நினைத்துத் தின்னவில்லை, அம்மா பொங்கிய சோறு என்று தின்றார்கள்.

இதை ஏன் இழுத்தேன்? பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கிறவர், தட்டில் விழுவதைத்தான் சாப்பிடவேண்டும். தட்டில் என்ன விழுகிறது என்பதற்கு வெளியே இருப்பவர்கள் பொறுப்பு. அன்றைக்குச் சத்துக் குறைவினால் செத்தார்கள். இன்றைக்கு ஆபத்து எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 வருஷம் முன்னதாகவே இறக்கிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் பெரும்பகுதி இதய நோய், நீரிழிவு போன்ற உடம்பு நோய்களால் வருகிற சாவு.

நம் கண் மட்டும் இன்னும் பழைய காலத்திலேயே நிற்கிறது. அவள் வார்டில் இருந்த மூன்றாம் வாரம் உன் அம்மா என்னிடம் என்ன சொன்னாள் தெரியுமா? "கன்னம் பூசிக்கிட்டு வருது அண்ணி, புள்ள தேறிட்டா." நானும் கேட்டுச் சந்தோஷப்பட்டேன். சயரோகமும் மலேரியாவும் ஆட்களைக் கரைத்த லயத்து வீடுகளிலிருந்து வந்தவர்கள் நாம். சதை என்றால் நமக்கு ஆரோக்கியம். தோட்டத்துப் பெரட்டுக் கணக்கெடுப்புக்கு விடியுமுன் எழுந்து, மரம் சீவி, பால் வாளியைத் தூக்கி நடந்து நடந்தே தீர்ந்துபோன சோறு அது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டம் போய்த் தாமான் வீடுகள் வந்தன. சோற்றுக் குவியல் மட்டும் குறையவே இல்லை. அதனால் முதல் மாதம் எல்லாரும் சேர்ந்து அவள் சதையைப் பாராட்டினீர்கள். இரண்டாம் மாதம் அதே வாய்கள் "ஏன் இப்படி ஊதிட்டே?" என்கின்றன. அந்தப் பிள்ளை எதை நம்பும்?

லூனாஸில் நடந்த கல்யாணத்துக்கு அவள் வரவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டாய். வந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? முதல் கேள்வி எங்கேம்மா இருந்தே இத்தனை நாளா. இரண்டாவது கேள்வி உடம்பு என்னம்மா இப்படி. இரண்டுக்கும் பதில் ஒன்றே, அதை அவளால் சபையில் சொல்ல முடியாது. அதனால் அறைக்குள் இருக்கிறாள். அறைக்குள் இருப்பதால் நடப்பதில்லை. நடக்காததால் ஏறுகிறது. ஏறுவதால் இன்னும் வெளியே வரமாட்டேன் என்கிறாள். இதன் நடுவில் நீ டின்னைப் பூட்டுகிறாய். பூட்டினால் தின்னமாட்டாள் என்று நினைத்தாயா? தலையணைக்கு அடியில் காகிதம் கிடைத்தது என்று நீதானே எழுதியிருக்கிறாய். திட்டு வாங்கித் தின்கிற ஆள் தனியாகத் தின்பாள், வேகமாகத் தின்பாள், தின்றபின் அழுவாள். அழுதபின் மறுபடியும் தின்பாள். வார்டில் பூட்டிய கதவு, வீட்டிலும் பூட்டிய டின் என்றால், தானாக எதையும் தீர்மானிக்க முடியாத அதே இடத்துக்குத்தான் அவளைத் திரும்பக் கொண்டுவிட்டிருக்கிறாய்.

டின்னைத் திருப்பிக் கொண்டுவா. காலி டின்னாகக் கொண்டுவா. பிஸ்கட் வேண்டாம் என்றால் வீட்டில் யாருக்கும் வேண்டாம், உனக்கும்தான். அவளுக்கு மட்டும் கஞ்சி, மற்றவர்களுக்குப் பிரியாணி என்று ஒரே மேசையில் வைப்பது தண்டனை. மருத்துவம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

"அப்ப என்னதான் செய்யச் சொல்றீங்க?" என்று கேட்பது காதில் விழுகிறது. முதலில் அளந்து வை. 2004-இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் மனநல மருத்துவர்களும் சேர்ந்து ஒரு வழிமுறை வகுத்தார்கள். இந்த மாத்திரை தொடங்கும்போதும், பிறகு 4, 8, 12-ஆம் வாரங்களிலும் எடை பார்க்கவேண்டும், அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இடுப்பளவு, ரத்த அழுத்தம், வெறும்வயிற்றுச் சீனி, கொழுப்பு இவற்றையும் பார்க்கவேண்டும். 5 சதவீதத்துக்கு மேல் ஏறினால் மாத்திரையை மாற்றலாமா என்று யோசிக்கவேண்டும். ஆசியர்களான நமக்குப் பிஎம்ஐ 23-ஐத் தாண்டினாலே ஆபத்து கூடத் தொடங்குகிறது, 27.5-க்கு மேல் அதிகம். பெண்ணுக்கு இடுப்பு 80 சென்டிமீட்டர், ஆணுக்கு 90. நம் இனத்துக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும். 2019 தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு, இந்தியர்களில் மட்டும் 31.4. மாத்திரை வருவதற்கு முன்பே நம் வீட்டுக்குள் சீனி உட்கார்ந்திருக்கிறது.

கிளினிக் நாளில் டாக்டரிடம் நேராகக் கேள்: எடை இவ்வளவு ஏறியிருக்கிறது, வேறு மாத்திரைக்கு மாற்ற முடியுமா? மாற்ற முடியாது என்றால் மெட்ஃபார்மின் சேர்க்கலாமா? அது நீரிழிவு மாத்திரை. சீனி நோய் இல்லாதவர்களுக்கும் இந்த ஏற்றத்தைக் கட்டுப்படுத்த டாக்டர்கள் கொடுப்பதுண்டு, சிறுநீரகத்தைச் சோதித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். "டாக்டர் கோவிச்சுக்குவாரா?" என்று நீ கேட்பாய். கேட்காமல் நீயே உடைத்தால்தான் கோபித்துக்கொள்வார். சில பேருக்கு அந்த மாத்திரை மட்டும்தான் கேட்கும், குளோசபின்காரர்கள் பெரும்பாலும் அப்படித்தான். அவர்களுக்கு மாற்றுவது பற்றிய பேச்சே வேறு. அதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

உன் அலுவலக நண்பர் விற்கிறாரே, ஏழு நாளில் ஏழு கிலோ குறைக்கிற தேத்தூள், அதை அவள் பக்கமே கொண்டுபோகாதே. இப்படி விற்கிற பொருட்களில் சிபுட்ராமின் கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு பல தடவை பிடித்து எச்சரித்திருக்கிறது. 2010-இலேயே ஐரோப்பாவும் அமெரிக்காவும் சந்தையிலிருந்து எடுத்துவிட்ட மருந்து அது. இதயத்துக்கு ஆகாது, மனச்சோர்வு மாத்திரைகளோடு சேர்ந்தால் ஆபத்து. அதேபோல் தைப்பூச விரதம். சாமி கும்பிடுவதை நான் தடுக்கவில்லை, நானும் முருகன் பக்தைதான். ஆனால் லித்தியம் சாப்பிடுகிறவர்கள் தண்ணீர்கூட இறங்காத விரதம் இருந்தாலோ, உப்பைத் திடீரென்று நிறுத்தினாலோ, மருந்து ரத்தத்தில் ஏறி நஞ்சாகிவிடும். அவளுக்கு என்ன எழுதியிருக்கிறார்கள் என்று நீ சொல்லவில்லை. பொட்டலத்தைப் படித்துப் பார்.

எவ்வளவு குறையும் என்று எதிர்பார்க்கலாம்? கொஞ்சம்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில், கடுமையான மனநோய் உள்ள 291 பேரை வைத்து ஒன்றரை வருஷம் ஓர் ஆய்வு நடந்தது, 2013-இல் வெளிவந்தது. அவர்கள் பகலில் வந்துபோகிற மறுவாழ்வு நிலையங்களிலேயே சேர்ந்து உடற்பயிற்சி செய்தார்கள், எடைக்கான ஆலோசனையும் கிடைத்தது. அந்தக் கவனிப்புக் கிடைக்காதவர்களைவிட 3.2 கிலோ கூடுதலாகக் குறைந்தார்கள். "அவ்வளவுதானா?" என்று உதட்டைப் பிதுக்காதே. மாத்திரையையும் விடாமல் இறக்கிய 3.2 கிலோ அது. மரம் சீவுகிறவனைக் கேள். ஒரே நாளில் நிறையப் பால் வரட்டும் என்று ஆழமாகச் சீவினால் பட்டை காயமாகி மரமே வீணாகும். மெல்லியதாக, விட்டுவிட்டுச் சீவினால் பல வருஷம் பால் தரும்.

எனக்கு அதைவிடப் பிடித்தது சிட்னியில் போண்டாய் பகுதியில் செய்தது. முதல்தடவையாக நோய் வந்து மாத்திரை தொடங்கிய இளைஞர்கள். எடை ஏறியபின் பார்ப்போம் என்று காத்திருக்காமல் தொடக்கத்திலேயே பிடித்துக்கொண்டார்கள். உணவு நிபுணர் கூடப்போய்ச் சாமான் வாங்கினார், சமைக்கக் கற்றுக்கொடுத்தார். பயிற்சியாளர் கூடவே நடந்தார். இந்த நோயிலிருந்து மீண்டவர்களும் கூட இருந்தார்கள். பன்னிரண்டு வாரத்தில் அவர்களுக்குச் சராசரியாக 1.8 கிலோதான் ஏறியது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 7.8. மொத்தம் முப்பது பேர்கூட இல்லாத சின்ன ஆய்வு, அதை வைத்து ஊரையே திருத்திவிட முடியாது. ஆனால் அங்கே யாரும் டின்னைப் பூட்டவில்லை என்பதைப் பார். கையில் கரண்டியைக் கொடுத்தார்கள்.

உனக்கு அந்த நிபுணர்கள் எல்லாம் வேண்டாம். சந்தைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போ. என்ன காய் வாங்குவது என்று அவள் சொல்லட்டும். வாரத்தில் ஒருநாள் சமையல் அவள் பொறுப்பு, உப்புக் கூடினாலும் வாயை மூடிக்கொண்டு சாப்பிடு. ராத்திரி மாத்திரை போட்டபிறகு வருகிற பசிக்கு முன்கூட்டியே ஏதாவது இருக்கட்டும்: அவித்த கடலை, கொய்யா, மோர். அந்தப் பசி வரும் என்று தெரிந்தே இருக்கும்போது ஏன் அதைத் திருட்டுத்தனமாக்குகிறாய்? சாயங்காலம் நடக்கப் போனால் "எடை குறையும், வா" என்று கூப்பிடாதே. நாய்க்குத் துணை வேண்டும், கடைக்குப் போகவேண்டும், என்ன வேண்டுமானாலும் சொல். முதல் வாரம் வாசல் வரை வந்தாலே போதும். காலையில் எழுப்பி ஓடச் சொல்லாதே, ராத்திரி மாத்திரையின் மப்பு காலையில் இறங்க நேரமாகும். அதைச் சோம்பேறித்தனம் என்று சொன்னால் நான் நேரில் வந்து உன் காதைத் திருகுவேன்.

துணி. பழைய சுடிதார் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, இப்போதைய அளவுக்கு இரண்டு வாங்கிக் கொடு. குறைந்தபிறகு வாங்கலாம் என்று உன் அம்மா சொல்வாள், அவளை நான் பார்த்துக்கொள்கிறேன். மூச்சு முட்டுகிற சட்டையோடு எந்தப் பிள்ளையும் வெளியே நடக்க வராது.

கடைசியாக, எடைக்கருவி வாங்கி வரவேற்பறையில் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வரவேற்பறையில் வேண்டாம், வருகிறவர் போகிறவர் எல்லாம் ஏறிப் பார்த்துக் கருத்துச் சொல்வார்கள். உள்ளறையில் வை. வாரத்துக்கு ஒருமுறை போதும், எண்ணை அவளே எழுதட்டும், அவள் காட்டினால் ஒழிய நீ கேட்காதே. கூடவே துணிக்கடையில் ஓர் அளவு நாடாவும் வாங்கு. ஆணுக்கு 90 சென்டிமீட்டர் என்று மேலே எழுதியிருக்கிறேன். போன தீபாவளிக்கு உன் வேட்டி இடுப்பில் நிற்காமல் பெல்ட் போட்டதை நான் பார்த்தேன். முதலில் உன் இடுப்பை அளந்து, அந்த எண்ணை அடுத்த கடிதத்தில் எனக்கு எழுது. மூச்சை உள்ளே இழுக்காமல் அளக்க வேண்டும்.

அன்புடன்,
உன் அத்தை